புளியரை வளைவு தெரிந்தவருக்கு பாமீர்ச் சாலையில் வேலை உண்டா?

புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் கியரைக் குறைத்து ஏறி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துச் சந்தையில் நேரத்துக்குச் சரக்கை இறக்குகிற ஓட்டுநர்களுக்காக எழுதுகிறேன். காய் வாடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இரவு மழையில் மலைப்பாதை ஏற வேண்டும். செக்போஸ்டில் பொறுமையாகப் பேச வேண்டும். நடுக்காட்டில் டயர் போனால் நாமே கழற்றி மாட்ட வேண்டும். இதே திறமைகளைச் சம்பளம் கொடுத்துத் தேடுகிற இன்னொரு தொழில் இருக்கிறது. கார்களும் ஜீப்புகளும் வரிசையாக உயர்ந்த மலைகளைத் தாண்டி, நாடு விட்டு நாடு சாலை வழியாகவே போகிற நெடும்பயணம் அது. ஓவர்லேண்ட் பயணம் என்கிறார்கள்.

சந்தை சிறியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இதை முழுநேரத் தொழிலாக நடத்துகிற நிறுவனங்கள் கொஞ்சம்தான். அவற்றில் பலவும் டெல்லி, குருகிராம் பக்கம். வாடிக்கையாளர்கள் வசதியானவர்கள். வண்டியைத் தாங்களே ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். ஆகவே, 'நான் நன்றாக ஓட்டுவேன்' என்று மட்டும் போய் நின்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்: முன்வண்டியில் வழி காட்டுகிறவர், கடைசி வண்டியில் வருகிற மெக்கானிக், எல்லையில் காகிதம் பார்க்கிறவர், சமைத்துப் போடுகிறவர்.

இது புதுப் பழக்கமும் அல்ல. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் 6 பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் மெக்கானிக், ஒருவர் வழி பார்ப்பவர், ஒருவர் சாமான்களுக்குப் பொறுப்பு, ஒருவர் கேமரா, ஒருவர் பணம் திரட்டி வரவு செலவு பார்ப்பவர் என்று பிரித்துக்கொண்டார்கள். ஸ்டீயரிங் பிடிப்பது பொதுவேலை. அதற்கென்று தனி ஆள் வைத்துக்கொள்ளவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் இந்தத் தொழில் அந்தக் கணக்கில்தான் ஆள் எடுக்கிறது.

நம் பக்கத்திலேயே செய்து காட்டியவர்கள் உண்டு. 2017 மார்ச் கடைசியில் கோவையிலிருந்து மீனாட்சி அரவிந்த், மூகாம்பிகை ரத்தினம், பிரியா ராஜ்பால் ஆகியோர் டாடா ஹெக்சா வண்டியில் கிளம்பினார்கள். எழுத்தறிவுப் பிரசாரத்துக்காக ரோட்டரி துணையோடு நடந்த அந்தப் பயணத்துக்கு 'எக்ஸ்பிடி 2470' என்று பெயர். மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், சீனா, மத்திய ஆசியா, ரஷ்யா வழியாகச் சுமார் 24,000 கிலோமீட்டர் ஓட்டி ஜூனில் லண்டன் சேர்ந்தார்கள். பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று கேட்கிற அண்ணாச்சிகளுக்குப் பதில் சொல்ல இனி நான் நேரம் செலவிடப் போவதில்லை.

ஓட்டுவதோடு கூட இரண்டாவதாக எந்தக் கைத்தொழிலை நீங்கள் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் இங்கே கேள்வி. எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

காகிதம் பார்க்கிற ஆள்

என் கணிப்பில், அதிக கிராக்கி உள்ளவர் இவர்தான். மலையில் வண்டி நின்றால் சில மணி நேரத் தாமதம். எல்லையில் ஒரு முத்திரை குறைந்தால் பல நாள் போய்விடும்.

அடிப்படையிலிருந்து தொடங்குங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே தருகிறது. படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லுபடியாகும். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வருவதால் பல நாடுகளில் இது எடுபடும். சீனாவில் எடுபடாது. அங்கே தற்காலிகச் சீன உரிமம், தற்காலிக நம்பர் பிளேட், கூடவே வரும் அந்நாட்டு வழிகாட்டி ஆகிய மூன்றும் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே ஒரு சீன ஏஜென்சி மூலம் ஏற்பாடு செய்ய வேண்டும். திபெத்துக்குள் போவதென்றால் அதற்குத் தனி அனுமதியும் உண்டு. இந்தச் செலவைத் தெரியாமல் பட்ஜெட் போட்டவர்கள் பாதி வழியில் பாதையையே மாற்றியிருக்கிறார்கள்.

வண்டிக்கும் ஒரு பாஸ்போர்ட் உண்டு, கார்னே என்பார்கள். வெளிநாட்டுக்குள் வண்டியைக் கொண்டுபோனால் அந்நாட்டுச் சுங்கவரி கட்ட வேண்டும். 'விற்க மாட்டேன், திருப்பிக் கொண்டுபோய்விடுவேன்' என்பதற்கான உத்தரவாதப் புத்தகம்தான் கார்னே. இந்தியாவில் மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் இதை வழங்குகிறது. பெரிய தொகைக்கு வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். ஈரான், பாகிஸ்தான் போன்ற நாடுகளில் இது கட்டாயம். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நுழைவுக்கு ஒரு துண்டு, வெளியேற்றத்துக்கு ஒரு துண்டு, நம்மிடம் நிற்கும் அடிக்கட்டை என மூன்று பகுதிகள். வெளியேறும்போது முத்திரை விழவில்லை என்றால், வண்டி அந்த நாட்டிலேயே விற்கப்பட்டதாகக் கணக்கு. வரி முழுவதும் நம் தலையில். பத்து வண்டிக்குப் பத்துப் புத்தகம். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்திலும் ஒரு முத்திரை விடாமல் சரிபார்க்கிற ஆளுக்குத்தான் நிறுவனம் அடுத்த பயணத்துக்கும் போன் போடும். மண்டியில் லாரி பில், வே-பில், எடைச் சீட்டு எல்லாம் ஒழுங்காக அடுக்கிப் பழகியவருக்கு இது எட்டாத வேலை இல்லை.

பாதை தெரிந்திருப்பதும் இவர் பொறுப்பு. 2017இல் கோவையிலிருந்து கிளம்பிய பெண்கள் மணிப்பூர் வழியாக மியான்மருக்குள் போனார்கள். 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு, 2023 மணிப்பூர்க் கலவரம் ஆகியவற்றுக்குப் பிறகு அந்த வழியை நம்பித் திட்டம் போட முடியாது. நேபாளம் வழியாகத் திபெத்துக்குள் போகலாம் என்றால், ரசுவாகடியில் எல்லைப் பாலத்தையே 2025 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மாறாக, தஜிகிஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் இடையே சண்டையால் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த எல்லை 2025இல் திறந்தது. இதையெல்லாம் செய்தித்தாள் படிக்கிற பழக்கத்திலேயே ஒருவர் குறித்துக்கொண்டே வரலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, தினம் கால் மணி நேரம். எந்த எல்லை எப்போது திறந்திருக்கிறது, எந்தக் கணவாய் எந்த மாதம் மூடுகிறது என்று விரல் நுனியில் வைத்திருப்பவர் நேர்காணலில் தனித்துத் தெரிவார்.

மொழியும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணாலி, லே, நேபாளம் என்று எங்கே போனாலும் பணிமனையிலும் டாபாவிலும் இந்திதான் ஓடும். விருப்பு வெறுப்பைத் தாண்டி, பேச்சு இந்தி இல்லாமல் இமயமலையில் வண்டி வேலை பார்ப்பது சிரமம். மத்திய ஆசியாவில் ரஷ்ய மொழி; பேச வராவிட்டாலும் அதன் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஊர்ப் பலகை புரியும். 33 எழுத்து. நம் 247ஐக் கற்றவருக்கு அது பெரிய விஷயமா?

மலை தெரிந்த மெக்கானிக்

புளியரை ஏற்றம் சில நூறு மீட்டர்தான். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். லே நகரம் சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. தஜிகிஸ்தானின் பாமீர் நெடுஞ்சாலையில் அக்-பைத்தல் கணவாய் 4,655 மீட்டர். லடாக்கில் எல்லைச் சாலைகள் அமைப்பு போட்ட உம்லிங் லா சாலை 19,024 அடி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. அங்கே ஓட்டுநரின் உடம்பும் இன்ஜினும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கும்.

டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இழுவையை இழக்கும். டர்போ வண்டி கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். 5,000 மீட்டரில் தண்ணீர் 83 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ஆகவே, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் லேசாகத் தேய்ந்திருந்தால்கூட அங்கே கூலன்ட் பொங்கும். புளியங்குடியில் பொருட்படுத்தாத கோளாறு அங்கே வண்டியை நிறுத்தும். (இதே காரணத்தால் அங்கே குக்கர் இல்லாமல் சோறு வேகாது. சமையல்காரர்களுக்கும் இது பாடம்.)

குளிரில் டீசல் மெழுகுபோல் உறைந்து ஃபில்டரை அடைக்கும். லடாக்கிற்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெளிநாட்டு மலைகளில் எந்தப் பெட்ரோல் பங்க்கில் என்ன டீசல் கிடைக்கும் என்று விசாரித்துத்தான் போட வேண்டும். பிஎஸ்-6 வண்டிகளில் இன்னும் இரண்டு தலைவலி. ஒன்று, டெஃப் என்கிற யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். இரண்டு, நம் ஊர் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. தொலைதூர மலை ஊர்களில் கிடைக்கும் டீசலில் அது கூடுதலாக இருந்தால் புகைபோக்கி ஃபில்டர் அடைத்துக்கொண்டு வண்டி வேகமெடுக்க மறுக்கும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்கேனரை மாட்டி, கோளாறு எண்ணைப் படித்து, 'இதை வைத்து அடுத்த ஊர் வரை ஓட்டலாம்; இதை வைத்து ஓட்டக் கூடாது' என்று துணிந்து சொல்கிற மெக்கானிக் குறைவு. திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு, அதன்பிறகு ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் இரண்டு மூன்று ஆண்டு என்று போனால் அந்தக் கை வந்துவிடும்.

எரிபொருள் கணக்கும் இவருடையதே. பாமீரில் கோரோக் நகரத்துக்கும் முர்காப் ஊருக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல். மேட்டுநிலம், குறைந்த கியர், ஏசிக்குப் பதில் ஹீட்டர். வண்டி சமதளத்தில் கொடுக்கும் மைலேஜை அங்கே நம்பக் கூடாது. கேனில் டீசல் இல்லாமல் கிளம்புவது வீரம் இல்லை.

ஓட்டும் பழக்கத்தில் நமக்குத் தெரிந்தவை பல. இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்காமல் கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்குவது, ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது, வளைவில் ஹாரன் அடிப்பது எல்லாம் அங்கேயும் அப்படியே. புதிதாகக் கற்க வேண்டியது பனியும் ஓடையும். பனிமலையிலிருந்து இறங்கும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் அதே ஓடை வண்டியை உருட்டும் வேகத்தில் வரும். இன்னொன்று, பல நாடுகளில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நம் வண்டியில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் என்பதால் முந்தும்போது எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கிளீனர் சொல் கேட்டு வண்டி எடுத்துப் பழகிய லாரிக்காரருக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கார் மட்டும் ஓட்டியவர்கள்தான் தடுமாறுவார்கள்.

உடம்பைப் பற்றி ஒரே ஒரு கண்டிப்பு. 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். ஒருவர் நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்க முடியாமல் தள்ளாடினால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், யாரையும் கேட்காமல் உடனே கீழே இறக்குங்கள். அதுதான் முதல் மருந்து. மற்ற மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டே எடுங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்தும் முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் வேலை தருகிறவர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

எங்கே தொடங்குவது

நேராக குருகிராமுக்கு ரயில் ஏறாதீர்கள். கிடைக்கிற வழிகளில் மூன்றைச் சொல்கிறேன்.

நிரந்தர வேலை வேண்டும் என்கிறவர்களுக்கு எல்லைச் சாலைகள் அமைப்பு. 1960இல் தொடங்கிய இந்த அமைப்பு ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் அவ்வப்போது எடுக்கிறது. பத்தாம் வகுப்பும் கனரக வாகன உரிமமும் வேண்டும். வயது பொதுப் பிரிவில் 18 முதல் 27 வரை. ஓட்டுநருக்கு அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாயில் தொடங்கும். லடாக், அருணாசலம் மட்டும் அல்ல, வெளிநாட்டு மலைச் சாலையும் கிடைக்கலாம்: பூடானில் இவர்களுடைய 'தந்தக்' திட்டம் 1961 முதல் நடக்கிறது. ஆப்கானிஸ்தானில் சரஞ்ச் முதல் தெலாராம் வரை 218 கிலோமீட்டர் சாலை போட்டவர்களும் இவர்களே. அந்தப் பணியின்போது 2005இல் கேரளத்து ஓட்டுநர் ஒருவரைத் தாலிபான்கள் கடத்திக் கொன்றார்கள். சேருவதற்கு முன்னால் வீட்டில் இதையும் சொல்லிவிட வேண்டும். கனரக உரிமம் இல்லாதவர்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது.

இரண்டாவது, யாத்திரை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத் நேபாளத்தில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சமையல்காரரோடு குழு குழுவாகப் போகிறார்கள். பொக்ராவுக்கு மேலே காளி கண்டகி ஆற்றோரம் உள்ளூர் ஜீப்தான் ஏற வேண்டும் என்பார்கள்; பரவாயில்லை, முன் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். உயரம், நிலச்சரிவு, எல்லைச் சுங்கம், வயதான பயணிகள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொடுக்கிற பாதை அது. அங்கே டூர் மேனேஜராக இரண்டு சீசன் வேலை பார்த்தவர், பெரிய நிறுவனத்தில் 'உயரத்தில் ஆட்களை நடத்தியிருக்கிறேன்' என்று தைரியமாகச் சொல்லலாம்.

மூன்றாவது, பயண நிறுவனங்கள். கோடையில் மணாலி–லே, ஸ்பிதி பாதைகளில் கார் அணிவகுப்பு நடத்துகிறவர்களிடம் கடைசி வண்டி மெக்கானிக்காகவோ உதவியாளராகவோ ஒரு சீசன் சேருங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு அவர்கள் ஆள் எடுப்பது இந்தக் கூட்டத்திலிருந்துதான்.

சம்பளம் பேசும்போது தினப்படி எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். திரும்பி வரும் விமான டிக்கெட் யார் செலவு? மருத்துவக் காப்பீட்டில் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்குவது அடங்குமா? வெளிநாட்டில் அபராதம் விழுந்தால் யார் கட்டுவது? எல்லை மூடி வண்டி நின்றுபோனால் காத்திருக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். நம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தது. ஐரோப்பாவில் லாரி, பஸ் ஓட்டுநர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். நாலு மணி நேரத் தூக்கத்தில் 4,000 மீட்டர் ஏறச் சொல்கிற நிறுவனம் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

வெளிநாட்டில் ஓட்டுநர் வேலை என்று ஊருக்குள் வருகிற ஏஜென்ட்டுகளிடம் இன்னும் கவனம். குடிபெயர்வுச் சட்டம் 1983இன் கீழ் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உதவியாளர் வேலை என்று ரஷ்யாவுக்கு அழைத்துப் போகப்பட்ட இந்திய இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டது 2024இல் சி.பி.ஐ. வழக்கு வரை போனது. சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கே விசாரித்துக்கொள்வதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை விழும். வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அது கூடுதல் அலைச்சல். தேர்வு எழுதித் தேற இன்னும் வயதாகிவிடவில்லை. பாஸ்போர்ட்டே எடுக்காதவர்கள் லைனுக்குப் போகாத ஒரு நாளைப் பார்த்துத் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் நேரம் பதிவு செய்யுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், பத்து ஆண்டு செல்லும்.